1858 அட்லாண்டிக் தந்திக் கம்பியைக் கொன்றவர் ஒயிட்ஹவுஸ்தானா?

கம்பிச்சுருள்

மின்பொறியியலின் தொடக்க வரலாறு என்று யார் இழை தொடங்கினாலும், பத்தாவது பதிவுக்குள் எடிசன் கட்சி, டெஸ்லா கட்சி என்று பிரிந்து நின்றுவிடுகிறோம். இந்த இழையில் அவர்கள் இருவருக்கும் வேலை இல்லை. நான் பேச விரும்பும் நிகழ்ச்சி நடந்த 1858இல் எடிசனுக்குப் பதினொரு வயது. டெஸ்லாவுக்கு இரண்டு வயது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள வலன்ஷியா தீவையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து, அட்லாண்டிக் கடலின் அடியில் முதல் தந்திக் கம்பி போட்டு முடிக்கப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்துச் செய்தி மறுகரை போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. இருந்தாலும் நியூயார்க்கில் விட்ட வாணவேடிக்கையில் நகர மண்டபத்தின் கோபுரமே தீப்பற்றிக்கொள்ளும் அளவுக்குக் கொண்டாட்டம் நடந்தது. செப்டம்பர் பிறந்ததும் கம்பி ஓய்ந்துவிட்டது.

இதற்குப் பிறகு எல்லாப் புத்தகங்களிலும் வரும் கதை ஒன்றுதான். நிறுவனத்தின் மின்வல்லுநராக இருந்த வைல்ட்மேன் ஒயிட்ஹவுஸ் பிரைட்டன் நகரத்து அறுவை மருத்துவர், கணிதம் அறியாதவர், கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர், எடுத்துச் சொன்னதையெல்லாம் தட்டிவிட்டு, ஐந்தடி நீளமுள்ள தூண்டுசுருள்களைக் கொண்டு சுமார் 2,000 வோல்ட் ஏற்றிக் கம்பியை எரித்துவிட்டார். கதையில் அறிவாளி ஒருவர், அடாவடி ஒருவர், நடுவில் செத்த கம்பி. சொல்வதற்கும் எளிது, நினைவில் வைப்பதற்கும் எளிது.

இதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. மூன்றரை லட்சம் பவுண்டு மூலதனத்தை ஆயிரம் பவுண்டுப் பங்குகளாக விற்றுத் திரட்டிய நிறுவனம் அது. அமெரிக்கக் காகித வணிகரான சைரஸ் ஃபீல்டின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து, 1857 கோடையிலேயே கம்பி கடலுக்குப் போயாக வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு வேலை நடந்தது. தலைமைப் பொறியாளர் சார்லஸ் பிரைட் இன்னும் பருமனான செம்பு வேண்டும் என்று கேட்டும் நடக்கவில்லை. தாம்சன் ஸ்காட்லாந்துப் பங்குதாரர்களின் சார்பில் இயக்குநராக வந்து சேர்ந்தபோது கம்பியின் வடிவம் முடிவாகி, ஆணையும் கொடுத்தாகிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு தோல்வியை ஒரு மருத்துவரின் தலையில் கட்டியது நிறுவனத்துக்கு வசதியாக அமைந்தது என்பதே என் கருத்து. எதிர்வாதம் இருந்தால் சான்றோடு வையுங்கள்.

நிறைமதி

உங்கள் பரிவு புரிகிறது, ஆனால் ஒயிட்ஹவுஸ் வெறுமனே நேரம் கெட்டு மாட்டிக்கொண்டவர் அல்லர். அவர் எதை மறுத்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கடலடிக் கம்பியில் குறிகள் மங்கி, நீண்டு, ஒன்றோடொன்று கலந்து வருவதை 1850களின் தொடக்கத்திலேயே தந்தியாளர்கள் கண்டிருந்தார்கள். லண்டனில் கட்டா பெர்ச்சா (மரப்பாலால் ஆன மின்காப்புப் பொருள்) நிறுவனத்தின் பட்டறையில் நூறு மைல் கம்பியைத் தண்ணீருக்குள் வைத்துச் சோதித்த ஃபாரடே, 1854இல் காரணத்தைச் சொல்லிவிட்டார். நடுவில் செம்பு, வெளியே கடல் நீர், இடையில் மின்காப்பு என்று அமைந்திருப்பதால், கம்பி முழுவதுமே நீண்டு கிடக்கும் ஒரு லேடன் ஜாடி, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கலம். மறுமுனையில் குறி தெரிவதற்கு முன் இந்த ஜாடி நிரம்பியாக வேண்டும். அடுத்த குறிக்கு முன் அது வடிந்தாக வேண்டும். இதைத் தாம்சன் கணக்காக்கி 1855இல் ராயல் சங்கத்தின் முன் வைத்தார். கம்பியின் நீளம் இரு மடங்கானால் மின்தடையும் இரு மடங்கு, மின்தேக்குத்திறனும் இரு மடங்கு. ஆகவே தாமதம் நான்கு மடங்கு. இதுதான் பிற்காலத்தில் இருபடி விதி என்று பெயர் பெற்றது.

1856இல் செல்ட்டனத்தில் நடந்த பிரிட்டிஷ் கழக (அறிவியல் முன்னேற்றத்துக்கான பிரிட்டிஷ் கழகம்) கூட்டத்தில் ஒயிட்ஹவுஸ் எழுந்து, இயற்கையில் அப்படியொரு விதியே இல்லை, அது கல்விக்கூடங்களில் பிறந்த கற்பனை என்ற பொருள்படப் பேசினார். அவர் சோதனை செய்யாமல் பேசவில்லை; ஆயிரம் மைல் வரை கம்பிகளை இணைத்துச் சோதித்திருந்தார். ஆனால் அவருடைய கருவி அளந்தது, குறியின் முதல் சாயல் மறுமுனையை எட்டும் நேரத்தை மட்டுமே. குறி எவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்பதை அன்று. தாம்சன் அந்த ஆண்டே அதீனியம் இதழில் இதை விளக்கி, ஒயிட்ஹவுஸின் எண்களும் தம் கோட்பாட்டுக்கு முரணல்ல என்று காட்டினார். அதற்குப் பிறகும் அவர் அசையவில்லை. தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். சொல்லியும் கேளாததை எந்தக் கணக்கில் வைப்பது?

மின்பொறி

நான் ஓய்வு பெற்ற மின்வழங்கல் பொறியாளன். வேலைக் காலத்தில் பெரும் பகுதியை நிலத்தடிக் கேபிள் பழுதுகளோடு கழித்தவன். கோட்பாட்டை நிறைமதி டீச்சரிடம் விட்டுவிட்டு, 2,000 வோல்ட் என்ற எண்ணை மட்டும் பார்க்கிறேன்.

அந்தக் கம்பியின் நடுவே இருந்தது ஏழு மெல்லிழைகளை முறுக்கிய செம்பு. அதன் விட்டம் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மூன்று அடுக்குக் கட்டா பெர்ச்சாவோடு சேர்த்து மொத்த விட்டம் முக்கால் அங்குலத்தில் பாதி. அப்படியானால் காப்பின் தடிமன் ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் வருகிறது. நல்ல கட்டா பெர்ச்சா அந்தத் தடிமனில் 2,000 வோல்ட்டைத் தாங்காது என்று சொன்னால் எந்தக் கேபிள்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். காப்பு நன்றாக இருந்த இடத்தில் ஒயிட்ஹவுஸின் சுருள் எந்தக் கேடும் செய்திருக்க முடியாது.

கேடு செய்திருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: ஏற்கெனவே காப்பு மெலிந்தோ கீறியோ, கடல் நீர் செம்பை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த இடம். எங்கள் தொழிலில் அரைகுறைப் பழுது தன் இடத்தைக் காட்டாமல் படுத்தினால், அதன் மேல் வேண்டுமென்றே உயர் அழுத்தம் ஏற்றிப் பழுதை முற்றவைப்பதுண்டு. கேபிள் பர்னிங் என்போம். ஒயிட்ஹவுஸ் செய்தது, தெரியாமல் செய்த பர்னிங். எனவே, அழுத்தம் ஏற்றாமல் இருந்திருந்தால் கம்பி இன்னும் சில வாரமோ சில மாதமோ ஓடியிருக்கும். பழுது அங்கேதான் இருந்திருக்கும்.

வடகரை வாசகர்

ஐயா சொல்வது சரியானால், அந்தப் பழுது எங்கிருந்து வந்தது? புதுக் கம்பிதானே?

கம்பிச்சுருள்

புதுக் கம்பி என்று பெயர்தான். அது கடலில் இறங்குமுன் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

கம்பியின் ஒரு பாதியைக் கிரீனிச்சில் கிளாஸ் எலியட் நிறுவனமும், மறுபாதியை பர்க்கன்ஹெட்டில் நியூவால் நிறுவனமும் செய்தன. வெளிக்கவசத்து இரும்பு இழைகளை ஒரு பட்டறை ஒரு திசையிலும் மற்றது எதிர்த் திசையிலும் முறுக்கியிருந்தது, இரண்டு பாதிகளும் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. அப்படியே இணைத்தால் ஒரு பாதியின் முறுக்கு மற்றதன் முறுக்கை அவிழ்த்துவிடும் என்பதால், இணைப்புக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இந்த ஒரு செய்தியே அந்தத் திட்டத்தில் மேற்பார்வை எப்படி இருந்தது என்பதைக் காட்டிவிடும்.

அடுத்தது வெயில். கட்டா பெர்ச்சா சூடு கண்டால் இளகும் பொருள். செய்து முடித்த கம்பிச் சுருள்களைக் கிரீனிச்சில் திறந்த வெளியில் போட்டுவைத்ததில், காப்பு இளகி, செம்பு நடுவிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கிய இடங்கள் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் மின்பொறி ஐயா கணக்கிட்ட 3.7 மில்லிமீட்டர் ஒரு பக்கத்தில் எவ்வளவாகக் குறைந்திருக்கும் என்று யாரும் அளக்கவில்லை.

1857 ஆகஸ்டில் முதல் முயற்சி. வலன்ஷியாவிலிருந்து நானூறு மைலைக்கூட எட்டுமுன் கம்பி அறுந்தது. மீதியைத் திருப்பிக் கொண்டுவந்து பிளிமத் அருகே கீஹம் கப்பல் துறையில் இறக்கிக் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, மறுபடி கப்பலேற்றினார்கள். ஏற்றுவதும் இறக்குவதும் சுற்றுவதும் பிரிப்பதுமாக அந்தக் கம்பி எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தது என்பதை எண்ணினால், இரண்டாயிரம் மைலில் எங்கும் கீறல் விழாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

ஏழுகடல்

1858 ஜூனில் ஆகமெம்னான் பட்ட பாட்டை யாரும் தொடவில்லையே. பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பலான அதில் பாதிக் கம்பியும், அமெரிக்காவின் நயாகராவில் மறுபாதியும் ஏறின. நடுக்கடலில் சந்தித்து இணைத்துவிட்டு, இரு கப்பல்களும் எதிரெதிர்த் திசையில் கம்பியை இறக்கிக்கொண்டே போக வேண்டும் என்பது திட்டம். சந்திக்கும் இடத்துக்குப் போகும் வழியில் ஒரு வாரத்துக்கும் மேலாக அடித்த புயலில் ஆகமெம்னான் கவிழாமல் தப்பியதே பெரிது. நிலக்கரி மூட்டைகள் சிதறி ஆட்களை நசுக்கின. கம்பிச் சுருளின் மேல் அடுக்குகள் நழுவி, ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, பிரித்தெடுத்துத் திரும்பச் சுற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கம்பியைத்தான், ஜூன் முயற்சிகள் அறுந்து அறுந்து தோற்ற பிறகு, ஜூலை 29ஆம் நாள் இணைத்து இறக்கினார்கள்.

இன்னொன்று. கப்பல் நிறைய இரும்புக் கவசமிட்ட கம்பி இருந்ததால் நயாகராவின் திசைகாட்டி பிழையாகக் காட்டியது. கோர்கான் என்ற துணைக்கப்பல் முன்னே சென்று வழிகாட்டியது. மின்சாரத்தைக் கடலுக்கு அடியில் அனுப்பப் போனவர்களை அவர்கள் சுமந்த இரும்பே திசைமாற்றியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இந்தப் பயணங்களில் ஒயிட்ஹவுஸ் கப்பலில் இல்லை. உடல்நிலையைக் காரணம் காட்டிக் கரையில் தங்கிவிட்டார். ஊதியமில்லாமல் அவருக்குப் பதிலாகப் போனவர் தாம்சன். புயலில் தம் கம்பிக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்டிருந்தால், வலன்ஷியாவில் அந்தச் சுருள்களைப் பொருத்துமுன் கொஞ்சம் யோசித்திருப்பாரோ என்னவோ.

வடகரை வாசகர்

எனக்கு அடிப்படையிலேயே ஓர் ஐயம். அழுத்தத்தைக் கூட்டினால் குறி விரைவாகப் போகும் என்று நினைப்பதில் என்ன தவறு? குழாயில் அழுத்தம் கூடினால் தண்ணீர் வேகமாக வருகிறதே. இதைப் புரிந்துகொள்ளாத ஒயிட்ஹவுஸை முட்டாள் என்றால், நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

நிறைமதி

நல்ல கேள்வி, இங்கேதான் ஒயிட்ஹவுஸுக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய முடியும்.

தாம்சனின் சமன்பாட்டில் அழுத்தத்தை இரு மடங்காக்கினால், மறுமுனையில் ஒவ்வொரு நொடியிலும் வரும் மின்னோட்டமும் இரு மடங்காகும், அவ்வளவுதான். ஏறி இறங்கும் வளைவின் உருவம் அப்படியே இருக்கும்; உயரம் மட்டும் கூடும். ஆனால் மறுமுனையில் உள்ள கருவி ஒரு குறிப்பிட்ட அளவு மின்னோட்டம் வந்த பிறகுதான் அசையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவு உயர்ந்தால் அந்த அளவை முன்னதாகவே எட்டிவிடும். தம் மந்தமான ரிலே கருவியை வைத்துக்கொண்டு பார்த்த ஒயிட்ஹவுஸுக்கு, அழுத்தம் கூடக்கூடக் குறி விரைந்து வருவது கண்ணெதிரே தெரிந்திருக்கும். அந்த அளவில் அவர் கண்டது பொய்யன்று. அவர் காணாதது, அதே மடங்கில் குறியின் பின்னால் இழுபடும் வாலும் பருத்து அடுத்த குறியின் மேல் விழுகிறது என்பதை.

தாம்சன் அதே சிக்கலை மறுமுனையிலிருந்து தீர்த்தார். கருவி அசைவதற்குத் தேவையான மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டால் அழுத்தத்தை ஏற்றவே தேவையில்லையே. மிகச் சிறு மின்னோட்டத்தையும் காட்டும் அவருடைய ஆடி கால்வனோமீட்டரில் அசையும் பகுதி, பின்புறம் சிறு காந்தத் துண்டுகள் ஒட்டிய ஒரு பொடிக் கண்ணாடி. மொத்தமும் ஒரு குன்றிமணி எடைகூட இராது. அது ஒற்றைப் பட்டிழையில் தொங்கும். சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் வந்தால் கண்ணாடி மயிரிழை அளவு திரும்பும். அதன் மேல் விழும் விளக்கொளி எதிரே உள்ள அளவுகோலில் விரற்கடைக் கணக்கில் நகரும். ஒளிக்கற்றைக்கு எடை கிடையாது என்பதால், எவ்வளவு நீளமான முள் வேண்டுமானாலும் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. இருட்டறையில் ஒருவர் ஒளிப்பொட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் இடம் வலம் என்று படித்துச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். ஒளிப்பொட்டு முழுதாக ஓய்வுக்குத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தாலே போதும். பயிற்சி பெற்ற கண் வாலுக்கும் குறிக்கும் வேறுபாடு காணக் கற்றுக்கொள்ளும்.

1858 ஆகஸ்டில் செய்திகளைப் படித்தது இந்தக் கருவிதான். ஒயிட்ஹவுஸின் பதிவுக் கருவியால் இயலவில்லை. தாம்சனின் கருவியில் படித்ததைத் தம் கருவியின் நாடாவில் ஏற்றி, தம் கருவியிலேயே வந்தது போல் இயக்குநர்களுக்குக் காட்டினார் என்று தாம்சனின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இது உண்மையானால், கம்பிச்சுருள் அவர்களே, உங்கள் கட்சிக்காரருக்காக வாதாடுவது கடினம்.

கம்பிச்சுருள்

அந்த நாடாச் செய்திக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அவர் வேலை இழந்தது அதற்காகவோ 2,000 வோல்ட்டுக்காகவோ அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். பழுது கரையோரத்தில் இருக்கிறது என்று தாமாக முடிவுகட்டி, இயக்குநர் குழுவின் அனுமதி இல்லாமல் வலன்ஷியாத் துறையில் கம்பியைத் தூக்கிப் பார்க்கச் செய்தார். அதற்காகத்தான் ஆகஸ்ட் மாதமே நீக்கப்பட்டார். அதே ஆண்டில் தம் தரப்பை அச்சிட்டும் வெளியிட்டார். அப்போது இயக்குநர்கள் கேட்ட கேள்வி "ஏன் கீழ்ப்படியவில்லை" என்பது. "ஏன் எரித்தாய்" என்பது பின்னால், விசாரணையில் சாட்சியங்கள் குவிந்த பிறகு வலுப்பெற்ற குற்றச்சாட்டு.

என் வாதத்துக்கு வலுவான சான்று செங்கடலில் இருக்கிறது. சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்குப் போட்ட கம்பி, 1859, 1860 ஆகிய இரண்டே ஆண்டுகளில் போடப்பட்டு, துண்டு துண்டாகப் பழுதாகிச் செத்தது. மூலதனத்துக்கு வட்டி தருவதாகப் பிரிட்டிஷ் அரசு உறுதி கொடுத்திருந்ததால், ஓடாத கம்பிக்காக அரசாங்கம் ஆண்டாண்டாக வட்டி கட்டியது. அந்தக் கம்பிக்கும் ஒயிட்ஹவுஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் போட்டிருந்த சுமார் 11,000 மைல் கடலடிக் கம்பியில் ஏறத்தாழ 3,000 மைல்தான் வேலை செய்துகொண்டிருந்தது. இத்தனை கம்பிகளையும் ஒரே மருத்துவர் கொன்றாரா?

கணக்கர்

இரு தரப்பும் வாதிடுவதால் எண்களை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன்.

அரசியாரின் செய்தி 98 சொற்கள், 16 மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு சொல் என்று கொள்ளலாம். 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கம்பி தொடக்கத்திலேயே நிமிடத்துக்கு 8 சொற்கள் அனுப்பியது. இடையில் 80 மடங்கு ஏற்றம். இதில் எவ்வளவு பங்கு தாம்சனின் இருபடி விதியைப் பின்பற்றியதால் வந்தது?

கடல் மைல் ஒன்றுக்குச் செம்பு 107 ராத்தலிலிருந்து (பவுண்டு எடை) 300 ராத்தலுக்கு ஏறியது; மின்தடை 0.36 பங்காகக் குறைந்தது. கட்டா பெர்ச்சா 261 ராத்தலிலிருந்து 400 ஆயிற்று. ஆனால் மின்தேக்குத்திறனைத் தீர்மானிப்பது காப்பின் எடையன்று. காப்பின் வெளி விட்டத்துக்கும் செம்பின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை. எடைகளை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால் அந்த விகிதம் 1858இல் ஏறத்தாழ 4.8, 1866இல் 3.6. அதாவது செம்பு பருத்ததற்கு ஈடாகக் காப்பு பருக்கவில்லை. மின்தேக்குத்திறன் 20 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடிவிட்டது. இரண்டையும் பெருக்கினால் 0.44. நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொண்டால், வடிவமாற்றத்தால் கிடைத்த வேகம் இரண்டேகால் மடங்கு. செம்பின் தூய்மை கூடியதையும் சேர்த்துத் தாராளமாக நான்கு மடங்கு என்று கொடுத்தாலும், இன்னும் 20 மடங்குக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆடி கால்வனோமீட்டர் இரண்டு கம்பிகளிலும் இருந்தது. ஆகவே அந்த 20 மடங்கில் பெரும் பகுதி, 1866 கம்பியில் கசிவு இல்லை, ஆட்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள், "திரும்பச் சொல், விளங்கவில்லை" என்று மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதிலிருந்துதான் வந்திருக்க முடியும். 1858 கம்பி முதல் நாளிலிருந்தே நோயாளி என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

மின்பொறி

கணக்கர் ஐயாவின் பதிவைப் படித்த பிறகு, இரு தரப்பும் தொடாத ஓர் இடத்தைக் காட்ட விரும்புகிறேன். 1858இல் யாராவது "இந்தக் கம்பியின் காப்புத் தடை இவ்வளவு" என்று ஓர் எண்ணைச் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஏனென்றால் ஓம் என்ற அலகே அப்போது இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு செம்புக் கம்பியின் இத்தனை மைல் என்று மின்தடையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் செம்பே ஒரு மாதிரிக்கு ஒரு மாதிரி மாறியது. சந்தையில் கிடைத்த செம்புகளின் கடத்துதிறன் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதைத் தாம்சன்தான் 1857இல் தம் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். பட்டறையை விட்டு வெளியேறும் கம்பியை மைல் கணக்கில் தண்ணீருக்குள் வைத்துச் சோதித்து, எண்ணை எழுதி, தவறினால் திருப்பி அனுப்பும் வழக்கம் அப்போது இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கேபிள் டிரம் ஒவ்வொன்றோடும் சோதனைச் சான்று ஒட்டியிருக்கும். அதைப் படிக்காமல் டிரம்மை அசைக்க மேலாளர் விடமாட்டார். அந்தத் தாளின் வம்சம் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் இந்தத் தோல்விக்குத்தான் வந்து சேருவோம்.

செங்கடலும் அட்லாண்டிக்கும் சேர்ந்து கைவிட்ட பிறகு, அரசின் வணிக வாரியமும் அட்லாண்டிக் தந்தி நிறுவனமும் கூட்டாக ஒரு விசாரணைக் குழு அமைத்தன. தலைவர் கேப்டன் டக்ளஸ் கால்டன்; வீட்ஸ்டன், ஃபேர்பெய்ர்ன், வார்லி, லாட்டிமர் கிளார்க் போன்றோர் உறுப்பினர்கள். 1861இல் வந்த அறிக்கை, செம்பின் தூய்மையிலிருந்து கம்பியை இறக்கும் பொறியின் பிரேக் வரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒயிட்ஹவுஸின் உயர் அழுத்தம் கேட்டை விரைவுபடுத்தியது என்ற முடிவு அதில் உண்டு. ஆனால் கம்பியின் அமைப்பிலும் செய்முறையிலும் இருந்த குறைகளை அது மூடிமறைக்கவில்லை. அதே 1861இல் கிளார்க்கும் பிரைட்டும் மின் அலகுகளுக்கு அறிவியலாளர்களின் பெயரைச் சூட்டலாம் என்று முன்மொழிந்தார்கள். தாம்சனின் தூண்டுதலால் பிரிட்டிஷ் கழகம் மின்தடை அலகுக்கென்று குழு அமைத்தது. மின்காந்தக் கோட்பாட்டை வகுத்த மாக்ஸ்வெல், பால்ஃபர் ஸ்டூவர்ட், ஃபிளீமிங் ஜென்கின் ஆகியோர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சுருளைச் சுழற்றிச் சுழற்றி அளந்தார்கள். 1865இல் அளவுத்தரச் சுருள்கள் விற்பனைக்கே வந்துவிட்டன. மாக்ஸ்வெல் போன்ற ஒருவரைத் தந்திக் கம்பிக்காரர்களின் அலகுச் சிக்கல் இழுத்துக்கொண்டது என்பதில் எனக்கு, ஒரு கேபிள்காரனாக, கொஞ்சம் பெருமையும் உண்டு.

1866 செப்டம்பரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் போட்ட புதுக் கம்பியோடு, 1865இல் நடுக்கடலில் அறுந்து மூழ்கிய கம்பியையும் கொக்கி போட்டு மேலே எடுத்து இணைத்து முடித்திருந்தார்கள். நியூஃபவுண்ட்லாந்து முனையில் இரண்டையும் ஒன்றாக இணைக்கச் சொல்லிவிட்டு, வலன்ஷியாவில் இருந்த லாட்டிமர் கிளார்க், தைக்கும்போது விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் வெள்ளி உறை ஒன்றை ஒரு பெண்மணியிடம் கேட்டு வாங்கினார். அதில் சில துளி அமிலம் ஊற்றி, ஒரு துணுக்குத் துத்தநாகத்தை வைத்து மின்கலமாக்கினார். அந்த மின்சாரம் அட்லாண்டிக்கைக் கடந்து போய்த் திரும்பவும் கடந்து வந்து, தாம்சனின் ஒளிப்பொட்டைத் தெளிவாக நகர்த்தியது. ஒரு வோல்ட் அளவுதான் இருந்திருக்கும்.

பினாங்குக்காரன்

வணக்கம். இவ்வளவு நேரம் கட்டா பெர்ச்சா என்று சொல்கிறீர்களே, அது எங்கள் பக்கத்துப் பொருள். மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் மரத்தின் பால். ரப்பர் மரத்தைப் போல் கீறிவிட்டுத் தினமும் வடித்துக்கொள்ள முடியாது. பால் எளிதில் ஓடாது என்பதால் மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். மைலுக்கு 400 ராத்தல் என்று கணக்கர் ஐயா எழுதியதைப் படித்தபோது, அதற்கு எத்தனை மரம் என்றுதான் என் மனம் போயிற்று. காடு காடாக மரம் அழிந்து, நூற்றாண்டின் இறுதியில் கம்பி நிறுவனங்களே கவலைப்படத் தொடங்கின.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1870, 1871 காலத்தில் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் என்ற நிறுவனம் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போட்டது. எங்கள் மரத்தின் பால் லண்டன் போய்க் கம்பியாகி, அந்தக் கம்பி எங்கள் கரைக்கே திரும்பி வந்தது. அதற்குள் கம்பி போடுவது சூதாட்டமாக இல்லாமல் தொழிலாகிவிட்டிருந்தது, போட்டார்கள், ஓடியது.

ஏழுகடல்

இந்தியா என்றதும் நினைவுக்கு வருகிறது. 1858 கம்பி சாகுமுன் உருப்படியாகச் செய்த வேலை, இந்தியாவின் பெருங்கிளர்ச்சியை அடக்க உதவியாகக் கனடாவிலிருந்து புறப்பட இருந்த இரண்டு படைப்பிரிவுகளை நிறுத்தியதுதான். கிளர்ச்சி அடங்கிவிட்டது, வர வேண்டாம் என்று ஓர் ஆணை போனதில் பிரிட்டிஷ் கருவூலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் மிச்சம். நிறுவனத்தின் மூலதனத்தில் ஏழில் ஒரு பங்கு அது. பின்னால் பங்குதாரர்களிடம் மறுபடி கையேந்தும்போது இதைச் சொல்லாத கூட்டம் இருந்திருக்காது.

நிறைமதி

கணக்கரின் 20 மடங்கும் செங்கடல் சான்றும் வலுவானவை. பழுது முன்பே இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மின்வல்லுநர் என்ற பதவியின் வேலையே அந்தப் பழுதைக் கண்டுபிடிப்பதுதானே? பட்டறையில் சோதனை முறை இல்லை என்று மின்பொறி ஐயா சொன்னது நிறுவனத்தின் குற்றம் மட்டுமன்று. சோதனை முறையை ஏற்படுத்தியிருக்க வேண்டியவர் ஒயிட்ஹவுஸ். என் தீர்ப்பு அங்கேயே நிற்கிறது.

கோட்பாட்டுத் தரப்பு எப்போதும் சரியாகவே இருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். தாம்சனின் சமன்பாட்டில் மின்தடையும் மின்தேக்குத்திறனும் மட்டுமே உண்டு, தூண்டம் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) இல்லை. மெதுவாகத் தந்தி அனுப்பும் நீண்ட கம்பிக்கு அது போதும். தந்தி நிறுவன வேலையை 24 வயதிலேயே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட ஆலிவர் ஹெவிசைடு, 1876இல் தூண்டத்தையும் சேர்த்தார். 1887இல், தூண்டத்தை அளவாகக் கூட்டினால் குறி சிதையாமல் போகும் என்று காட்டினார். தொலைபேசிக்கு வேண்டியது அதுதான். ஆனால் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்வல்லுநர் வில்லியம் பிரீஸ், தூண்டம் என்றாலே கெடுதல் என்று சொல்லி அதைத் தடுத்தார். அவர் கையில் வைத்திருந்த ஆயுதம் என்ன தெரியுமா? தாம்சனின் அதே இருபடி விதி. ஒயிட்ஹவுஸ் கற்பனை என்று ஒதுக்கியதை, முப்பது ஆண்டு கழித்துப் பிரீஸ் வேதவாக்காக்கி, அது பொருந்தாத இடத்தில் பொருத்தினார். கடைசியில் 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் பூப்பினும் கேம்பலும்தான் தொலைபேசிக் கம்பிகளில் தூண்டத்தைக் கூட்டும் சுருள்களை இடையிடையே வைத்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பூப்பினின் காப்புரிமைக்குப் பெரும் பணம் கிடைத்தது, ஹெவிசைடுக்குக் கிடைக்கவில்லை.

கம்பிச்சுருள்

சோதனை முறையை ஏற்படுத்தாதது ஒயிட்ஹவுஸின் பொறுப்பு என்பதை ஏற்கிறேன். அந்த ஒரு குற்றத்துக்கு அவர் பெயரை எழுதுங்கள், 2,000 வோல்ட்டுக்கு வேண்டாம். பிரீஸுக்கும் ஹெவிசைடுக்கும் நடந்த சண்டை இதே அளவு நீளும் என்பதால் அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். நிறைமதி டீச்சர் அங்கே முதல் பதிவைப் போட வேண்டும்; கணக்கர் ஐயா, ஹெவிசைடின் சிதையா நிபந்தனையை 1866 கம்பியின் எண்களோடு ஒருமுறை போட்டுப் பார்த்து, அந்தக் கம்பிக்கு எவ்வளவு தூண்டம் தேவைப்பட்டிருக்கும் என்று கொண்டுவாருங்கள்.